ஓனருக்கு ஓனர் ரோல் வேண்டாம்: கிளவுட் கணக்கில் அனுமதிகளைப் பிரிக்க எந்த வழி?

எங்கள் பக்கம் தோட்டத்தில் ஆள் வைத்திருப்பவர்களுக்கு இந்த விஷயத்தை விளக்கவே வேண்டாம். தண்ணி கட்டுகிறவரிடம் மோட்டார் ரூம் சாவி இருக்கும். கரண்ட் வந்தால் போடுவார், வயல் நிறைந்தால் நிறுத்துவார். அதற்காக கிணற்றுப் பங்கை விற்கவோ, ஈபி சர்வீஸைப் பெயர் மாற்றவோ அவரால் முடியாது. யாரும் அப்படி எழுதிக் கொடுக்கவும் மாட்டார்கள். ஆனால் அதே தோட்டத்துக்காரர் திருப்பூரில் நடத்தும் பனியன் கம்பெனியின் கிளவுட் கணக்கைத் திறந்து பார்த்தால், ராத்திரி சர்வரை ஆன் பண்ணுகிற பையனுக்குக் கம்பெனியையே கிரயம் பண்ணிக் கொடுத்திருப்பார்கள்.

கோவையிலிருந்து பெருந்துறை வரை மில்களுக்கும் ஏற்றுமதி கம்பெனிகளுக்கும் கிளவுட் கணக்கில் அனுமதி பிரித்துக் கொடுக்கும் வேலை பார்க்கிறவன் நான். அதிகம் கண்ணில் படுவது மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான அஷூர்தான் என்பதால் அதை வைத்தே பேசுகிறேன்.

அவிநாசி ரோட்டில் ஒரு நடுத்தர ஏற்றுமதி நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். கிளவுடில் மூன்று விஷயம் ஓடுகிறது: ஆர்டர், ஸ்டாக், உற்பத்தி எல்லாம் பார்க்கும் மென்பொருளான ஈஆர்பியின் சர்வர், அக்கவுண்ட்ஸ் சர்வர், பையர் அனுப்பும் ஆர்ட்வொர்க்கும் துணி, தையல் விவரங்கள் அடங்கிய டெக் பேக்கும் கிடக்கிற ஸ்டோரேஜ். இவற்றைத் தொடுகிறவர்கள் ஏழு பேர். முதலாளி, ஐடி பார்க்கும் அவருடைய அக்கா மகன், அக்கவுண்ட்ஸ் மேடம், நைட் ஷிப்ட் சூப்பர்வைசர், கோவையில் இருக்கும் ஈஆர்பி வென்டர், கிளவுடை விற்ற பார்ட்னர், வருடத்துக்கு ஒரு முறை வரும் ஆடிட்டர். இந்த ஏழு பேருக்கு யார் யாருக்கு என்ன கொடுப்பது என்பதுதான் கேள்வி.

அதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அஷூரில் அனுமதி கொடுக்க நான்கு அடுக்கு உண்டு: மேலே பல சப்ஸ்கிரிப்ஷன்களைச் சேர்த்து வைக்கும் மேனேஜ்மென்ட் குரூப், அதற்குக் கீழே செலவு கணக்கு ஓடும் சப்ஸ்கிரிப்ஷன், அதற்குள் சர்வர், ஸ்டோரேஜ் எல்லாம் போட்டு வைக்கும் பெட்டி மாதிரி ரிசோர்ஸ் குரூப், கடைசியில் அந்த சர்வர், ஸ்டோரேஜ் என்று தனித்தனி ரிசோர்ஸ். மேல் அடுக்கில் கொடுத்தது தானாகக் கீழே இறங்கும். அப்படி இறங்குவதை 'இந்த ஒரு சர்வருக்கு மட்டும் வேண்டாம்' என்று கீழே நின்றுகொண்டு சாதாரணமாகத் தடுக்க முடியாது. அதனால் 'என்ன அனுமதி' என்பதற்கு முன் 'எந்த அடுக்கில்' என்பதைத்தான் முதலில் முடிவு பண்ண வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

எல்லோருக்கும் ஒரே சாவி

இதை ஒரு 'வழி' என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் நான் போகிற இடங்களில் அதிகம் இருப்பது இதுதான். ஒரே சப்ஸ்கிரிப்ஷன், எல்லோருக்கும் அதன் மேல் ஓனர் அல்லது காண்ட்ரிபியூட்டர் ரோல், அதாவது கிட்டத்தட்ட எதையும் செய்ய விடும் அனுமதித் தொகுப்பு. இன்னும் மோசம், எல்லோரும் ஒரே அட்மின் லாகின்.

சில வருடம் முன்பு ஒரு கம்பெனியில் நடந்தது. டெஸ்டிங் சமாச்சாரங்களைச் சுத்தம் பண்ணச் சொல்லி வென்டர் பக்கம் ஒரு புதுப் பையனிடம் வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். பெயரில் 'ஓல்டு' என்று இருந்த ஒரு ரிசோர்ஸ் குரூப்பை அவன் அழித்துவிட்டான். ரிசோர்ஸ் குரூப்பை அழித்தால் உள்ளே இருக்கும் அத்தனையும் போகும். உள்ளே இருந்தது ஓடிக்கொண்டிருக்கும் ஆர்டர்களின் ஆர்ட்வொர்க் ஸ்டோரேஜ். பிரிண்டிங்குக்குப் போக வேண்டிய ஃபைல் திறக்கவில்லை என்று ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் கத்தியபோதுதான் விஷயமே தெரிந்தது. அழித்த ஸ்டோரேஜ் அக்கவுண்டை 14 நாளுக்குள் மீட்கலாம் என்பதால் தப்பித்தோம். அதற்கும் முதலில் அழிந்த ரிசோர்ஸ் குரூப்பை அதே பெயரில் மறுபடி உருவாக்க வேண்டியிருந்தது.

யார் அழித்தது என்று ஆக்டிவிட்டி லாகைத் திறந்தோம். 90 நாள் வரலாறு அதில் இருக்கும். இருந்தது, எல்லா வரியிலும் ஒரே பெயர், அந்தப் பொது அட்மின். அந்தப் பையன் தானாக ஒப்புக்கொள்ளாவிட்டால் இன்றைக்கும் தெரிந்திருக்காது.

இந்த வழியின் ஒரே லாபம், யாரும் போன் போட்டு 'எனக்கு அனுமதி இல்லைங்க' என்று சொல்ல மாட்டார்கள்.

ரெடிமேட் ரோல்கள்

அஷூர் தானே தைத்து வைத்திருக்கும் ரோல்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. முக்கியமானவை நான்கு. ஓனர் எல்லாம் செய்யலாம், அடுத்தவருக்கு அனுமதியும் கொடுக்கலாம். காண்ட்ரிபியூட்டர் எல்லாம் செய்யலாம், அனுமதி மட்டும் கொடுக்க முடியாது. ரீடர் பார்க்க மட்டும். யூசர் ஆக்சஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதிகளை மட்டும் கையாள்வார். பாதி வேலை இவற்றிலேயே முடிந்துவிடும். ஆடிட்டருக்கு ரீடர், அக்கவுண்ட்ஸ் மேடத்துக்கு காஸ்ட் மேனேஜ்மென்ட் ரீடர், அவ்வளவுதான். ஒரு சின்னக் குறிப்பு: பார்ட்னர் வழியாக வாங்கிய கணக்கு என்றால், செலவு விவரம் வாடிக்கையாளருக்குத் தெரியும்படி பார்ட்னர் தன் பக்கத்தில் திறந்துவிட வேண்டும். மேடம் 'ஒண்ணுமே தெரியலைங்க' என்று சொன்னால் ரோலைக் குறை சொல்லாதீர்கள், பார்ட்னரைக் கேளுங்கள்.

ரெடிமேடில் சிக்கல், லேபிளில் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் சில இடத்தில் வேறு வேறு. இரண்டு உதாரணம் சொல்கிறேன், இரண்டுமே பல பேர் தெரியாமல் கொடுத்திருப்பவை.

ஸ்டோரேஜ் மேல் ஒருவருக்கு காண்ட்ரிபியூட்டர் கொடுத்திருக்கிறீர்கள். 'அவருக்கு ஃபைல்களைப் பார்க்கத் தனி ரோல் வேண்டுமே, அதைத்தான் நாங்கள் கொடுக்கவில்லையே' என்று நினைத்திருப்பீர்கள். ஆனால் காண்ட்ரிபியூட்டரால் அந்த அக்கவுண்டின் சாவிகளை, அதாவது பாஸ்வேர்டு மாதிரியான ஆக்சஸ் கீகளை, கேட்டு வாங்க முடியும். சாவி கையில் வந்தபின் ஃபைலைப் பார்க்க எந்த ரோலும் தேவையில்லை. பையரோடு ரகசிய ஒப்பந்தம் போட்டிருக்கும் கம்பெனிக்கு இது சின்ன விஷயம் கிடையாது. சாவி வழியாக நுழைவதையே ஸ்டோரேஜ் செட்டிங்கில் அணைத்துவிடலாம். ஆனால் பழைய மென்பொருள் ஏதாவது சாவியை நம்பி ஓடிக்கொண்டிருந்தால் அன்றோடு நின்றுவிடும், முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, வர்ச்சுவல் மெஷின் காண்ட்ரிபியூட்டர். சர்வரை நிர்வகிக்கலாம், உள்ளே லாகின் பண்ண முடியாது என்றுதான் அதன் விளக்கத்தில் இருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மெஷின் சம்பந்தப்பட்ட எல்லா செயலும் என்று அந்த ரோலுக்குள் ஒரு நட்சத்திரக் குறி இருக்கிறது. அதற்குள் 'ரன் கமாண்ட்' அடங்கும். போர்ட்டலில் உட்கார்ந்தபடியே சர்வருக்குள் ஒரு ஸ்கிரிப்டை, விண்டோஸில் சிஸ்டம் அதிகாரத்தோடும் லினக்ஸில் ரூட் அதிகாரத்தோடும், அதாவது உள்ளே எதையும் செய்யும் முழு அதிகாரத்தோடு, ஓட்டலாம். வாசலைப் பூட்டிவிட்டு ஓட்டைப் பிரித்து உள்ளே இறங்க ஏணியும் கொடுத்த கதை. நைட் ஷிப்ட் சூப்பர்வைசருக்கு இந்த ரோலைக் கொடுத்திருக்கும் கம்பெனிகள் எனக்குத் தெரிந்தே நிறைய.

தனித்தனி சப்ஸ்கிரிப்ஷன்

ரோலைத் தொடாமல் சுவரையே எழுப்புவது. நிஜ வேலைக்கு ஒரு சப்ஸ்கிரிப்ஷன், டெஸ்டிங்குக்கு ஒன்று. டெஸ்டிங் பக்கம் வென்டருக்கு காண்ட்ரிபியூட்டரே கொடுத்துவிடலாம். உடைத்தாலும் அங்கேதான் உடைப்பார்கள். செலவும் தனியாகத் தெரியும். எவ்வளவு மெஷின் போடலாம் என்ற வரம்பான கோட்டா சப்ஸ்கிரிப்ஷனுக்குத் தனி என்பதால், டெஸ்டிங்கில் யாராவது பெரிய மெஷின்களாகப் போட்டு நிரப்பி, நிஜ வேலைக்கு இடமில்லாமல் போவதும் நடக்காது.

சப்ஸ்கிரிப்ஷன் உருவாக்கத் தனிக் கட்டணம் கிடையாது. அதனால் ஆர்வக் கோளாறில் யூனிட்டுக்கு ஒன்று, மில்லுக்கு ஒன்று, எம்ப்ராய்டரிக்கு ஒன்று என்று போட்டுவிடுகிறார்கள். அங்கேதான் பாடு தொடங்கும். ஒரு நெட்வொர்க் இரண்டு சப்ஸ்கிரிப்ஷனில் நீளாது. இரண்டு நெட்வொர்க்கை இணைக்கும் பியரிங் போட வேண்டும், அதில் போய் வரும் டேட்டாவுக்குக் காசு. சர்வருக்கு பேக்கப் எடுக்கும் வால்ட் அதே சப்ஸ்கிரிப்ஷனில், அதே ரீஜியனில் (டேட்டா சென்டர் இருக்கும் வட்டாரத்தில்) இருந்தாக வேண்டும். பிற்பாடு மனம் மாறி ஒரு சர்வரை இங்கிருந்து அங்கே நகர்த்தினால், அதன் மேல் நேரடியாகக் கொடுத்த அனுமதிகள் கூட வராது, புதிதாகக் கொடுக்க வேண்டும். எனக்குத் தோன்றுவது, ஐந்நூறு பேர் வேலை பார்க்கும் கம்பெனிக்குக் கூட இரண்டு சப்ஸ்கிரிப்ஷன் போதும். சட்டப்படி தனிக் கம்பெனி, தனி ஜிஎஸ்டி என்றால் மட்டும் மூன்றாவது.

நாமே தைத்துக்கொள்ளும் ரோல்

அதாவது கஸ்டம் ரோல். சப்ஸ்கிரிப்ஷனில் ஆக்சஸ் கண்ட்ரோல் பக்கத்துக்குப் போய் புதிதாக உருவாக்கலாம். ஏற்கெனவே இருக்கும் ரோலை நகல் எடுத்துக் குறைக்கலாம், வெறுமையிலிருந்து தொடங்கலாம், அல்லது எழுதி வைத்த ஜேசான் ஃபைலை ஏற்றலாம். இதற்குத் தனி லைசன்ஸ் எதுவும் வேண்டாம். இலவசம் என்பதால் மட்டும் ஆளுக்கு ஒன்று தைத்துவிடாதீர்கள்.

நைட் ஷிப்ட் விஷயத்துக்கு நான் தைத்துக் கொடுத்தது இது. மெஷினைப் பார்க்கலாம், ஸ்டார்ட் பண்ணலாம், ரீஸ்டார்ட் பண்ணலாம், டீஅலோகேட் பண்ணலாம் (நிறுத்தி, மெஷினை அஷூரிடமே திருப்பி விடுவது). அது இருக்கும் ரிசோர்ஸ் குரூப்பைப் பார்க்கலாம். ஐந்தே வரி. டீஅலோகேட் என்று குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விண்டோஸுக்குள் போய் ஷட்டவுன் கொடுத்தால் மெஷின் நின்றதாகத் தெரியும், ஆனால் மெஷினுக்கான வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். டீஅலோகேட் ஆனால்தான் அது நிற்கும். அப்போதும் டிஸ்க்குக்கான காசு தனி. தோட்டத்து மோட்டார் ராத்திரி முழுக்க ஓடினாலும் விவசாயத்துக்குக் கரண்ட் இலவசம். இந்த மோட்டாருக்கு அந்தச் சலுகை இல்லை. சூப்பர்வைசரை நிஜமாகவே மோட்டார் ரூம் ஆளாக்க வேண்டுமென்றால் அந்த ஒரு வார்த்தை ரோலில் இருந்தாக வேண்டும்.

கொடுத்த அன்று ராத்திரி அவர் போன் பண்ணினார். "ஏனுங்க சார், ஸ்டார்ட் ஆகுதுங்க, நிக்குதுங்க. டெலீட்டும் ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தேனுங்க, அதிகாரம் இல்லைன்னு செவப்பா வந்துருச்சுங்க." அழுத்திப் பார்க்கச் சொல்லி நான் சொல்லவே இல்லை. ஆனாலும் அதைவிட நல்ல டெஸ்டிங் என்ன இருக்கிறது?

தைக்கும்போது அதிகம் பேர் தப்புப் பண்ணும் இடம், ரோலில் வேண்டாத செயல்களை எழுதும் பகுதியான 'நாட் ஆக்‌ஷன்ஸ்'. அதில் எழுதியதை ஆள் செய்யவே முடியாது என்று நினைக்கிறார்கள். அது தடை உத்தரவு கிடையாது, அந்த ரோலின் கணக்கில் மட்டும் ஒரு கழித்தல். அதே ஆளுக்கு வேறு ரோல் வழியாகவோ, ஏதாவது குரூப்பில் இருப்பதாலோ அந்த அனுமதி வந்தால், தாராளமாகச் செய்வார். எல்லா ரோலும் கூட்டப்படும், ஒன்று இன்னொன்றை வெட்டாது. அமேசான் பக்கம் பழகிவிட்டு இங்கே வருகிறவர்கள் இதில்தான் வழுக்குகிறார்கள், அங்கே வெளிப்படையாக மறுத்தது எப்போதும் ஜெயிக்கும்.

அடுத்தது நட்சத்திரம். எழுதச் சோம்பேறித்தனப்பட்டு 'கம்ப்யூட் எல்லாமே' என்று நட்சத்திரம் போட்டு, வேண்டாததைக் கழித்தால், நாளைக்கு மைக்ரோசாஃப்ட் புதிதாகச் சேர்க்கும் செயலும் தானாக அதற்குள் வந்து உட்காரும். வேண்டியதை மட்டும் பெயர் சொல்லி எழுதுவதே நல்லது. ஐந்து வரி எழுத முடியாதா என்ன?

அப்புறம் பராமரிப்பு. ரெடிமேட் ரோல்களை மைக்ரோசாஃப்ட் திருத்திக்கொள்ளும். நீங்கள் தைத்ததை நீங்கள்தான் திருத்த வேண்டும். ரோலை எங்கெல்லாம் பயன்படுத்தலாம் என்பதை அதற்குள்ளேயே எழுத வேண்டும், புது சப்ஸ்கிரிப்ஷன் வந்தால் அந்தப் பட்டியலிலும் சேர்க்க வேண்டும். மாற்றம் செய்தால் அமலுக்கு வரப் பத்து நிமிடம் வரை ஆகலாம். அதற்குள் பொறுமை இழந்து 'வேலை செய்யவில்லை' என்று காண்ட்ரிபியூட்டரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு மறந்துபோன ஐடி பையன்களை நானே பார்த்திருக்கிறேன். ஒரு டெனன்டில், அதாவது ஒரு கம்பெனியின் மொத்த லாகின் டைரக்டரியில், 5000 கஸ்டம் ரோல் வரை வைத்துக்கொள்ளலாம். நான் ஒரு கம்பெனிக்கு மூன்றைத் தாண்டியதில்லை. நாலாவது கேட்கும்போது பெரும்பாலும் ரிசோர்ஸ் குரூப்தான் தப்பாகப் பிரிந்திருக்கும்.

நேரம் வைத்துக் கொடுப்பது பற்றியும் ஒரு வார்த்தை. பிரிவிலேஜ்டு ஐடென்டிட்டி மேனேஜ்மென்ட் என்று ஒன்று உண்டு. அனுமதி எப்போதும் கையில் இருக்காது, தேவைப்படும்போது காரணம் எழுதிக் கேட்டு, சில மணி நேரத்துக்கு வாங்கிக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் பயன்படுத்துகிற ஆள் ஒவ்வொருவருக்கும் மைக்ரோசாஃப்டின் லாகின் சேவையான என்ட்ராவின் பி2 மாதிரி ஒரு லைசன்ஸ் வேண்டும். பெரிய அனுமதி வைத்திருக்கும் இரண்டு மூன்று பேருக்கு மட்டும் வாங்கலாம், நைட் ஷிப்ட் வரை இழுக்க வேண்டாம்.

பார்ட்னருக்குக் கஸ்டம் ரோல் சரிப்படாது

இது யாரும் திறந்து பார்க்காத அறை. நம் பக்கம் பல கம்பெனிகள் நேரடியாக வாங்காமல் பார்ட்னர் மூலம்தான் அஷூர் வாங்குகின்றன. அப்படி வாங்கும் சப்ஸ்கிரிப்ஷனில் பார்ட்னரின் அட்மின் குரூப்புக்கு இயல்பாகவே ஓனர் ரோல் போய்விடும். ஆக்சஸ் கண்ட்ரோல் பட்டியலில் 'ஃபாரின் பிரின்சிபல்' என்று தொடங்கும் பெயர் இருந்தால் அதுதான். நீங்கள் உள்ளே எத்தனை நுணுக்கமாக ரோல் தைத்தாலும், வெளியே இன்னொரு கம்பெனியின் ஊழியர்கள் ஓனராக இருக்கிறார்கள். எடுத்துவிடலாம், ஆனால் பார்ட்னருக்குக் கிடைக்கும் கழிவு அந்த அனுமதியோடு கட்டப்பட்டிருப்பதால் அவர் கொஞ்சம் முகம் சுளிப்பார். பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். லைட்ஹவுஸ் என்ற வேறு வழியில் குறைந்த ரோலாகக் கொடுக்கலாம். அதில் ஓனர் ரோலும் முடியாது, கஸ்டம் ரோலும் முடியாது, ரெடிமேட் மட்டுமே. சப்போர்ட்டுக்குத் தேவையான ஒரு ரெடிமேட் ரோலைப் பார்த்துப் பேசி, ஓனரை எடுக்கச் சொல்வது என் வழக்கம்.

சரி, ஏழு பேருக்கு என்ன?

இரண்டு சப்ஸ்கிரிப்ஷன், நிஜம் ஒன்று, டெஸ்டிங் ஒன்று. நிஜத்துக்குள் ஈஆர்பி, அக்கவுண்ட்ஸ், ஆர்ட்வொர்க் என மூன்று ரிசோர்ஸ் குரூப், மூன்றின் மேலும் அழிக்கத் தடைப் பூட்டு. பூட்டைக் கழற்ற காண்ட்ரிபியூட்டரால் முடியாது. நான் சொன்ன அந்த 'ஓல்டு' கதை இந்த ஒரு பூட்டிலேயே நின்றிருக்கும். ஆனால் ஸ்டோரேஜுக்கு உள்ளே இருக்கும் ஃபைல்களை அழிப்பதை அது தடுக்காது, அதற்கு, அழித்ததைக் கொஞ்ச நாள் மீட்கும்படி வைத்திருக்கும் சாஃப்ட் டெலீட்டை ஆன் பண்ணி வையுங்கள்.

ஆடிட்டர், மேடம் இருவருக்கும் ரெடிமேட். சூப்பர்வைசருக்கு நான் சொன்ன ஐந்து வரி ரோல், அதுவும் ஈஆர்பி ரிசோர்ஸ் குரூப்பின் மேல் மட்டும். வென்டருக்கு டெஸ்டிங்கில் காண்ட்ரிபியூட்டர், நிஜத்தில் இரண்டாவது கஸ்டம் ரோல்: அதே ஐந்து வரியோடு லாக் பார்ப்பதும், டிஸ்க்கின் நகலான ஸ்னாப்ஷாட் எடுப்பதும். வென்டர் கம்பெனியின் பெயரில் பொது லாகின் வேண்டாம், வருகிற ஆள் ஒவ்வொருவரும் அவரவர் மெயில் ஐடியில் கெஸ்ட்டாக வரட்டும். எதையும் ஆள் பெயரில் நேரடியாகக் கொடுக்காமல் குரூப்புக்குக் கொடுத்து, ஆளைக் குரூப்பில் சேர்ப்பது. ஷிப்ட் மாறினால் குரூப்பில் ஒரு பெயரை எடுத்து இன்னொன்றைப் போட்டால் முடிந்தது.

அக்கா மகனுக்கு நிஜத்தில் காண்ட்ரிபியூட்டர். அவரே அனுமதியும் கொடுக்க வேண்டியிருக்கும்போது மட்டும் நேரம் வைத்து ஓனர்.

மிச்சம் முதலாளி. அவருக்கு ரீடர் என்று சொன்னபோது நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஏப்பா, என் கம்பெனில நானே ஓனர் இல்லையா?" பக்கத்தில் இருந்த அக்கா மகன், "மாமா, அந்த ஓனர் வேற, நீங்க வேற" என்றார். அது அவரைச் சமாதானப்படுத்தவில்லை. தினமும் மெயில் பார்க்கிற, வாட்ஸாப் லிங்கை எல்லாம் தொடுகிற கணக்கில் இத்தனை பெரிய அனுமதி இருந்தால் ஒரே ஒரு போலி மெயில் போதும் என்று சொன்ன பிறகு கொஞ்சம் யோசித்தார்.

கடைசியில் இரண்டு அவசரக் கணக்கு உருவாக்கினோம். இரண்டும் யாருடைய தினசரி லாகினும் கிடையாது. சப்ஸ்கிரிப்ஷன் ஓனரும் அவற்றுக்குத்தான், லாகின் டைரக்டரியின் உச்ச அதிகாரமான குளோபல் அட்மினும் அவற்றுக்குத்தான். குளோபல் அட்மின் நினைத்தால் தனக்குத் தானே எல்லா சப்ஸ்கிரிப்ஷனிலும் அனுமதி எடுத்துக்கொள்ளும் ஒரு சுவிட்ச் இருக்கிறது என்பதால் அதையும் வெளியே விடவில்லை. 2024 அக்டோபர் முதல் அஷூர் போர்ட்டலுக்குப் பாஸ்வேர்டு மட்டும் போதாது, இரண்டாவது சரிபார்ப்பும் வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் படிப்படியாகக் கட்டாயமாக்கியது, அவசரக் கணக்குக்கும் விலக்கு இல்லை. அதனால் ஒவ்வொன்றுக்கும் பென் டிரைவ் மாதிரி இருக்கும் ஒரு பாதுகாப்புச் சாவி வாங்கினோம். ஒன்று பேங்க் லாக்கரில். இன்னொன்றைக் கவரில் போட்டு ஒட்டி, மேலே தேதி எழுதி, முதலாளி தன் கையால் பீரோவில் தோட்டத்துக் கிரயப் பத்திரங்களுக்கு அடியில் வைத்தார்.